கதை எழுத வந்தவரிடம் வாக்குமூலம் கேட்கிறோம்

(சேலத்தில் நடைபெற்ற வாசகர் சந்திப்பு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம்.

திருநங்கை எழுத்தாளர் ஒருவரின் வாழ்வையும் எழுத்தையும் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறார்கள். நான் எடுத்துக்கொண்டவர் பிரியா பாபு. தமிழில் திருநங்கை ஒருவர் எழுதிய முதல் நாவலாகக் கருதப்படும் 'மூன்றாம் பாலின் முகம்' அவருடையது. 2008ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஆனால், சேலத்து மேடையில் நின்றுகொண்டு நேராக அந்த நாவலுக்குப் போய்விட எனக்கு மனம் வரவில்லை. நம் ஊர்ப்பக்கத்துக்காரர் ஒருவரைப் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும்.

நாமக்கல் தனி மாவட்டமானது 1997இல். அதற்கு முன் அது நம் சேலம் மாவட்டத்தின் ஒரு பகுதி. அந்த நாமக்கல் வட்டத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்தவர் திருநங்கை எழுத்தாளர் ரேவதி. அவர் தம் தன்வரலாற்றைத் தமிழில் எழுதினார். ஆனால் அது முதலில் அச்சேறியது வ. கீதாவின் மொழிபெயர்ப்பில், ஆங்கிலத்தில், 2010ஆம் ஆண்டில். தமிழ் வாசகருக்கு அது 'வெள்ளை மொழி' என்ற பெயரில் அடுத்த ஆண்டுதான் கிடைத்தது. நம் மாவட்டத்து மண்ணில் நடந்த கதை டெல்லிக்காரர்கள் படித்து முடித்த பிறகே நம் கைக்கு வந்தது என்பதை வருத்தத்தோடுதான் சொல்கிறேன்.

அந்த நூலில் ஊர் மாரியம்மன் திருவிழாவில் அவர் குறத்தி வேடம் கட்டி ஆடிய பகுதி ஒன்று உண்டு. ஊரார் கண்ணுக்கு அது வேடம். அவருக்கோ அன்று ஒரு நாள்தான் வேடம் கலைந்த நாள். இந்தப் பகுதியின் ஆழம் சேலம், நாமக்கல், தர்மபுரிக்காரர்களுக்குச் சட்டென்று விளங்கும். ஏனெனில், விடிய விடியத் தெருக்கூத்துப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். திரௌபதியாக நின்று சபையை அழவைத்த ஆண் கலைஞனின் நடையையும் குரலையும் மறுநாள் டீக்கடையில் வியந்து பேசுவோம். அதே நடையும் குரலும் பகல் வெளிச்சத்தில், வேடம் கட்டாத பக்கத்து வீட்டுப் பையனிடம் தென்பட்டால் நாம் எப்படி நடந்துகொள்வோம் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. வீட்டிலேயே வாங்கிய அடிகளை ரேவதி எழுதியிருக்கிறார்.

ரேவதியின் நூலும், அதற்கு முன்பே 2007இல் வந்த, இன்னொரு திருநங்கையான லிவிங் ஸ்மைல் வித்யாவின் தன்வரலாறும் சாட்சியங்கள். அந்தக் காலத்துக்குச் சாட்சியம் தேவைப்பட்டது. திருநங்கையர் நல வாரியத்தைத் தமிழ்நாடு அரசு 2008 ஏப்ரலில் அமைத்தது. ஆண், பெண் என்ற இரண்டுக்கும் அப்பால் 'இதரர்' என வாக்காளர் பட்டியலில் பதிவு செய்யத் தேர்தல் ஆணையம் 2009இல் வழிவிட்டது. தம் பாலினத்தைத் தாமே அறிவிக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரல் 15 அன்று உறுதிசெய்தது. இவற்றுக்கெல்லாம் முன்னால், 'எங்களுக்கு நடந்தது இது' என்று யாராவது தம் பெயரைப் போட்டு எழுத வேண்டியிருந்தது. எழுதினார்கள். ஆனால், சாட்சி சொல்லி முடித்தவரைக் கூண்டைவிட்டு இறங்க நாம் விடவில்லை என்பதுதான் என் குறை.

இனி பிரியா பாபுவிடம் வருகிறேன். அவர் எழுத்துக்குள் வந்த வழியே ஒரு நாவல்தான். சு. சமுத்திரத்தின் 'வாடாமல்லி' தம் வாழ்க்கையைத் திருப்பிய நூல் என்று அவர் சொல்லியிருக்கிறார். 1990களில் வந்த அந்த நாவலில் சுயம்பு என்ற பொறியியல் மாணவன் மேகலையாக மாறுகிறாள். எழுதியவர் திருநங்கை அல்லர்; வெளியிலிருந்து பார்த்து, விசாரித்து, கற்பனை செய்து எழுதியவர். ஆயினும், இல்லாத ஒரு சுயம்புவிடம் இருக்கிற ஒரு மனிதர் தம்மைக் கண்டுகொண்டார். கற்பனைப் பாத்திரத்தால் இது முடியும் என்பதைத் தம் உடம்பிலேயே அறிந்தவர், பின்னாளில் தாமும் எழுத உட்கார்ந்தபோது நாவல் என்ற வடிவத்தைத் தேர்ந்ததில் வியப்பில்லை.

அந்தத் தேர்வுக்கு முன் அவர் வேறொன்றைச் செய்தார். 2007இல் அரவாணிகளின் சமூக வரைவியலை ஒரு நூலாக எழுதினார். ஜமாத் என்ற திருநங்கையர் குழு எப்படி இயங்குகிறது, குரு யார், சீடரான சேலா யார், குருவுக்குக் குருவான நானி யார், தத்தெடுக்கும் சடங்கு எது என்பனவற்றையெல்லாம் ஆய்வாளர்கள் வந்து கேட்டுப் போய் எழுதிக்கொண்டிருந்த காலத்தில், உள்ளிருந்தே ஒருவர் எழுதிய நூல் அது. விவரங்களை அங்கே இறக்கி வைத்துவிட்டு, அடுத்த ஆண்டே நாவலுக்கு வந்தார். இந்த வரிசையை நான் முக்கியமாகக் கருதுகிறேன். வரைவியல் எழுதுபவர் தாம் கண்டதையும் கேட்டதையும் மட்டுமே எழுதலாம். தன்வரலாறு எழுதுபவர், தம்மை வீட்டைவிட்டுத் துரத்திய தாயின் முகத்தை எழுதலாம். அந்தத் தாய் அன்றிரவு படுத்துக்கொண்டு என்ன நினைத்தாள் என்பதை எழுத முடியாது. நாவலாசிரியருக்கு மட்டும் அந்தக் கதவு திறந்திருக்கிறது. தம்மை அடித்தவனின் மனத்துக்குள்ளும் போய் உட்கார்ந்து எழுதும் உரிமையை அவர் எடுத்துக்கொள்கிறார். எந்த அரசாணையும் இந்த உரிமையைத் தர முடியாது.

முதல் நாவல் என்பதால் அதற்கு ஒரு சுமையும் உண்டு. தமிழின் முதல் நாவலாக 1879இல் வந்த 'பிரதாப முதலியார் சரித்திர'த்தில் வேதநாயகம் பிள்ளை கதையை நிறுத்திவிட்டு நீதி சொல்லப் போய்விடுவார். அவருக்கு முன்னால் நாவல் படித்துப் பழகிய தமிழ் வாசகர் கூட்டம் இல்லை. ஒரு சமூகத்திலிருந்து முதலில் நாவல் எழுத வருபவருக்கும் ஏறக்குறைய இதே நெருக்கடிதான். கதை சொல்வதோடு தம் மக்களை அறியாத வாசகருக்கு விளக்கமும் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்தச் சுமையைக் குறையாகச் சொல்லும் விமர்சகர், அதை ஏற்றியது யார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

எழுத்தோடு அவர் நிற்கவில்லை. வாக்குரிமைக்காகச் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடினார். 'கண்ணாடி' கலைக்குழுவோடு மேடையேறினார். மதுரையில் திருநங்கையருக்கான ஆவண மையத்தையும் நூலகத்தையும் நடத்திவருகிறார். இவை தனி உரைக்கு உரியவை. ஆயினும் ஒன்று சொல்கிறேன்: களப்பணியில் பெயர் பெற்றவரின் இலக்கியத்தைக் களப்பணியின் இணைப்பாகப் பார்ப்பது நம் வழக்கமாகிவிட்டது. நான் அடிக்கடி செல்லும் ஒரு நூலகத்தில் இத்தகைய நாவல்கள் சமூகவியல் அலமாரியில் இருக்கின்றன. நாவல் வரிசையில் தேடினால் கிடைக்காது.

நம் சேலத்துப் பிரித்திகா யாஷினியை இங்கே நினைத்துக்கொள்கிறேன். விண்ணப்பப் படிவத்தில் தமக்கு இடமில்லாததால் உயர் நீதிமன்றம் சென்று, 2015இல் தீர்ப்புப் பெற்று, 2017இல் காவல் உதவி ஆய்வாளரானார். அவர் கேட்டது உதவி ஆய்வாளர் பணி. அதற்கு முன்னால் 'திருநங்கை' என்ற அடைமொழி சேர்த்தவர்கள் நாம். எழுத்தாளருக்கும் அதையே செய்கிறோம்.

வெளிநாட்டில் ஒருவரைச் சொல்லி முடிக்கிறேன். அமெரிக்காவில் பிறந்த ரேச்சல் போலாக் ஒரு திருநங்கை, 2023இல் மறைந்தார். அற்புதங்கள் அன்றாட அலுவலாகிவிட்ட ஓர் எதிர்கால அமெரிக்காவையும், ஒரு கனவினால் கருவுறும் பெண்ணையும் வைத்து அவர் எழுதிய நாவலுக்கு 1989இல் ஆர்தர் சி. கிளார்க் விருது கிடைத்தது. பிறகு, 1990களில் சித்திரக்கதை எழுதியபோது அதில் ஒரு திருநங்கை வீராங்கனையையும் படைத்தார். தம்மைப் பற்றி எழுதவும் எழுதாமலிருக்கவும் அவருக்கு இடமிருந்தது. சிவதாபுரத்து வெள்ளிக்கொலுசுப் பட்டறையைப் பற்றியோ ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்து மூன்று தலைமுறையைப் பற்றியோ ஒரு சேலத்துத் திருநங்கை நாளை நாவல் எழுதினால், அதில் திருநங்கைப் பாத்திரம் ஒன்றுகூட இல்லாமல் இருக்கலாம். அப்போதும் அதை வாங்கிப் படிப்போமா என்று பதிப்பாளர்களும் நாமும் யோசிக்க வேண்டும்.

கல்லூரி மாணவர்கள் பலர் வந்திருக்கிறீர்கள். ஆய்வேட்டுக்கு இத்தலைப்பை எடுத்தவர்களும் இருக்கக்கூடும். எழுத்தாளரைச் சந்திக்கச் செல்லும்போது, அறுவைச் சிகிச்சை எப்போது செய்தீர்கள், வீட்டில் சேர்த்துக்கொண்டார்களா என்ற கேள்விகளை எழுதிக்கொண்டு போகாதீர்கள். இந்த அத்தியாயத்தை ஏன் இங்கே முடித்தீர்கள், இந்த உரையாடலை ஏன் இந்த வட்டார வழக்கில் வைத்தீர்கள், யாருடைய நாவல்களைப் படித்து வளர்ந்தீர்கள் என்று கேளுங்கள். ரேவதி, பிரியா பாபு இருவரின் நூல்களையும் வாசலருகே மேசையில் வைத்திருக்கிறார்கள். நாவலை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் குறிப்பை, படித்து முடித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். நேரம் இருக்கிறது, கேள்விகள் இருந்தால் கேட்கலாம்.