கற்பூரப் புத்தி மட்டும்தான் புத்தியா?

கற்பூரப் புத்தி, கரிப் புத்தி, வாழைமட்டைப் புத்தி என்று மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறோம். எவ்வளவு சீக்கிரம் பற்றுகிறது என்பது ஒன்றுதான் அங்கே அளவு. உளவியல் வேறு இடத்தில் கோடு போடுகிறது.

ஒரு அறிவுச் சோதனையில் நன்றாகச் செய்பவர் மற்றவற்றிலும் ஓரளவு நன்றாகவே செய்கிறார் என்று 1904இல் காட்டினார் உளவியலாளர் சார்லஸ் ஸ்பியர்மன். எல்லாவற்றுக்கும் அடியில் பொதுத் திறன் ஒன்று உண்டு என்பது அவர் முடிவு. 1940களில் ரேமண்ட் கேட்டல் அதை இரண்டாக உடைத்தார். பார்த்தே இராத சிக்கலை அங்கேயே அவிழ்ப்பது ஒன்று. சேர்த்து வைத்த சரக்கிலிருந்து எடுத்துக் கொடுப்பது இன்னொன்று. ஓடும் அறிவு, உறைந்த அறிவு என்று வைத்துக்கொள்வோம். முன்னது இருபதுகளில் உச்சம் தொட்டு மெல்ல இறங்கும். சொல்வளம் போன்ற பின்னது அறுபதை ஒட்டியும் ஏறும். (1983இல் ஹோவர்ட் கார்ட்னர் சொன்ன ஏழு வகை அறிவு பள்ளிகளுக்குப் பிடித்துப்போனது, அளந்து பார்த்தால் அவை அப்படித் தனித்தனியாக நிற்பதில்லை.)

ஓடும் அறிவுக்கு நெருங்கிய உறவு, செயல் நினைவு: ஒன்றைச் சற்று நேரம் மனத்தில் பிடித்துவைத்து, அங்கேயே அதை மாற்றிக் கையாளும் திறன். அதை அளக்க, எண்களை விநாடிக்கு ஒன்றாகச் சொல்லுங்கள். கேட்பவர் தலைகீழாகத் திருப்பிச் சொல்லட்டும். 2 இலக்கத்தில் தொடங்கி ஒவ்வொன்றாகக் கூட்டுங்கள். ஒரே நீளத்தில் இரண்டு முறை தவறினால் நிறுத்திவிடலாம். இதில் கோட்டைவிடுவது பெரும்பாலும் சோதிப்பவர்தான். போன் நம்பர் சொல்வதுபோல் "நாற்பத்தேழு, தொண்ணூற்றிரண்டு" என்பார். நான்கு எண் இரண்டு பொட்டலமாகிவிடும். மதிப்பெண் பொய்யாக ஏறும்.

சரி, இந்த அறிவு எங்கிருந்து வருகிறது? பெரியவர்களிடையே காணும் அறிவு வேறுபாட்டில் பாதியோ அதற்கு மேலோ மரபணு சார்ந்தது என்கின்றன இரட்டையர் ஆய்வுகள். "அப்படியானால் என் அறிவில் பாதி அப்பா அம்மா கொடுத்தது" என்று உடனே கணக்குப் போடுகிறோம். அங்கேதான் தவறு. ஒரே மூட்டை விதையை இரண்டாகப் பிரித்து, பாதியை வண்டல் நிலத்திலும் பாதியை உவர் நிலத்திலும் விதையுங்கள். ஒவ்வொரு வயலுக்குள்ளும் பயிருக்குப் பயிர் உயரம் மாறுவது விதையால். ஆனால் இரண்டு வயலுக்கும் இடையே தெரியும் பள்ளம் முழுக்க மண்ணால். இரட்டையர் ஆய்வு சொல்லும் 'பாதி'யும் அப்படித்தான், ஒரு வயலுக்குள் மட்டுமே செல்லும்.

மண் மாறினால், அதாவது வளரும் சூழல் மாறினால், என்ன ஆகும் என்பதற்கு ஜேம்ஸ் ஃபிளின் 1984இல் கணக்குக் காட்டினார். 1932 முதல் 1978 வரை அமெரிக்கர்களின் நுண்ணறிவு ஈவு (IQ) சுமார் 14 புள்ளி ஏறியிருந்தது. அவ்வளவு குறுகிய காலத்தில் மரபணு மாறாது.

மண்ணில் மிக மலிவான உரம் அயோடின். கருவுற்ற தாய்க்கு நாளொன்றுக்கு 250 மைக்ரோகிராம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கடுமையாகக் குறைந்தால் கருவின் மூளை வளர்ச்சி குன்றும். பிறகு ஈடுகட்ட முடியாது. கடையில் வாங்கும் அயோடின் உப்பில் கிராமுக்கு 15 மைக்ரோகிராமுக்குக் குறையக் கூடாது என்பது விதி. திறந்த ஜாடியில் அடுப்போரம் ஈரமும் சூடும் பட்டால் அந்த அயோடின் குறைந்துகொண்டே போகும். மூடி வையுங்கள், குழம்பை இறக்கும்போது போடுங்கள்.