விமானத்தைச் சோதிக்கிறவங்களை யார் சோதிக்கிறாங்க? காவேரிப்பட்டணத்து அம்மா கேட்ட கேள்விக்கு விளக்கம்

வணக்கம்ங்க. இன்னைக்கு ஒரே ஒரு கேள்வியைத்தான் எடுத்துக்கறேன். காவேரிப்பட்டணத்துல இருந்து ஒரு அம்மா வாட்ஸ்அப்ல குரல் பதிவு அனுப்பியிருக்காங்க. அவங்க பையன் துபாய்ல வேலை பார்க்கறார், பெங்களூர் வழியா வந்து போறார். 2025 ஜூன் 12ஆம் தேதி அகமதாபாத் விமான விபத்தை டிவியில பார்த்த நாள்ல இருந்து, பையன் ஏர்போர்ட்டுக்குக் கிளம்பினாலே அவங்களுக்குத் தூக்கம் வர்றதில்லையாம். அவங்க கேட்டதை அப்படியே சொல்றேன்: "விமானப் பாதுகாப்புல இந்தியா 48ஆவது இடம்னு படிச்சேங்க. இந்த மார்க்கை யாருங்க போடறாங்க? நம்ம நாட்டுக்குள்ள வந்து சோதிக்க அவங்களுக்கு என்ன அதிகாரம்? மார்க் நல்லா இருந்தா விமானம் பத்திரம்னு அர்த்தமா? ஓசூர்ல ஏர்போர்ட் வந்தா அதையும் அவங்கதான் பார்ப்பாங்களா?"

நல்ல கேள்விம்மா. பெரிய பெரிய பத்திரிகைகளே அந்த 48ஐத் தப்பா புரிஞ்சுகிட்டுத்தான் எழுதினாங்க.

முதல்ல ஒண்ணு தெளிவாகணும். அந்த மார்க் விமானத்துக்குப் போட்ட மார்க் இல்லை. விமான கம்பெனிக்குப் போட்டதும் இல்லை. நம்ம ஊர்க் கணக்குல சொல்றேன். ஒரு லாரி தொப்பூர் கணவாய்ல இறங்குது. பிரேக் சரியா இருக்கான்னு பார்க்க வேண்டியது முதல்ல டிரைவர், அப்புறம் ஓனர். அவங்களுக்கு மேல, எஃப்.சி. போடறப்ப மோட்டார் வாகன ஆய்வாளர் பார்க்கறார். சரி, அந்த ஆய்வாளர் நிஜமாவே பிரேக்கை மிதிச்சுப் பார்த்தாரா, பார்க்க அவருக்குப் பயிற்சி இருக்கா, வேலைக்கு ஆள் போதுமா, குறை கண்டுபிடிச்சா வண்டியை நிறுத்த அவருக்குச் சட்டத்துல இடம் இருக்கா? இதை யார் பார்க்கறது? விமான விஷயத்துல அந்த ஆய்வாளர் ஸ்தானத்துல இருக்கறது டெல்லியில இருக்கிற டி.ஜி.சி.ஏ., அதாவது மத்திய அரசோட சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம். அந்த டி.ஜி.சி.ஏ. தன் வேலையை ஒழுங்கா செய்யுதான்னு பார்க்கறதுதான் நீங்க படிச்ச மார்க்.

பார்க்கறவங்க யாருன்னா, கனடாவுல மான்ட்ரியல் நகரத்துல இருக்கிற சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு. ஐக்கிய நாடுகள் சபையோட ஒரு அங்கம். சுருக்கமா ஐகாவோன்னு சொல்லுவாங்க. 1944 டிசம்பர் 7ஆம் தேதி சிகாகோவுல ஒரு ஒப்பந்தம் கையெழுத்தாச்சு. அதுல இருந்து பிறந்த அமைப்பு இது. இன்னைக்கு 193 நாடுகள் உறுப்பினர்.

அதிகாரம்னு கேட்டீங்களே, அங்கதான் விஷயம் இருக்கு. ஒவ்வொரு நாட்டோட வானமும் அந்த நாட்டுக்கே சொந்தம்னு அந்த ஒப்பந்தத்தோட முதல் விதியே சொல்லுது. யாரும் உள்ள வந்து கட்டளை போட முடியாது. ஆனா அதே ஒப்பந்தத்துல 33ஆவது விதி ஒண்ணு இருக்கு. என் நாடு கொடுத்த பைலட் லைசென்ஸையும், விமானத்துக்குக் கொடுத்த தகுதிச் சான்றிதழையும் உன் நாடு ஒத்துக்கணும். எப்போ? நான் குறைஞ்சபட்சத் தரத்தோட கொடுத்திருந்தா மட்டும். அந்தத் தரம் இல்லைன்னா, ஒத்துக்கணும்கிற கட்டாயம் உனக்கு இல்லை. அப்போ எங்க தரம் சரியா இருக்குன்னு காட்ட வேண்டிய தேவை ஒவ்வொரு நாட்டுக்கும் வந்துடுது. ஐகாவோ கையில கம்பு கிடையாதுங்க. விளக்கு இருக்கு. அது வெளிச்சம் காட்டும், அதைப் பார்த்துட்டு மத்த நாடுகள் முடிவெடுக்கும்.

இந்தச் சோதனை 1996ல தொடங்கினப்போ விருப்பம் இருக்கிற நாடு மட்டும் கூப்பிட்டா போதும்னு இருந்தது. முடிவும் ரகசியம். 1999 ஜனவரியில இருந்து எல்லா நாட்டுக்கும் கட்டாயம் ஆச்சு. 2006ல உலக நாடுகளோட விமானத் துறைத் தலைவர்கள் மான்ட்ரியல்ல கூடி, முடிவுகளை மக்களுக்கும் தெரியப்படுத்தலாம்னு ஒத்துக்கிட்டாங்க. அதனாலதான் இன்னைக்கு காவேரிப்பட்டணத்துல உட்கார்ந்துகிட்டு ஒரு அம்மா அந்த எண்ணைப் படிக்க முடியுது. என்னைக் கேட்டா இந்த மொத்தக் கதையிலயும் பெரிய காரியம் அதுதான்.

எப்படிச் சோதிக்கறாங்க? வர்ற குழு விமானத்துல ஏறி எஞ்சினைத் தட்டிப் பார்க்காது. ஃபைலைக் கேட்கும். சட்டம், துறை அமைப்பு, லைசென்ஸ், விமானம் இயக்கறது, விமானத்தோட தகுதி, விபத்து விசாரணை, வான் வழிகாட்டல், விமான நிலையம்னு எட்டுப் பகுதி. எல்லாத்துலயும் சேர்த்து நூத்துக்கணக்குல கேள்வி. ஒரு கேள்வி எப்படிப் போகும்னு சொல்றேன். "விமான கம்பெனிகளை நேர்ல போய்ப் பார்க்க உங்ககிட்ட வருஷத் திட்டம் இருக்கா?" இருக்குன்னு சொல்லுவோம். "காட்டுங்க." காட்டுவோம். "இதுல இந்த மாசம் போனதா இருக்கே, போன ஆய்வாளர் யார்? அவர் பயிற்சிச் சான்று எங்க? என்ன குறை எழுதினார்? கம்பெனி எப்போ பதில் கொடுத்தது? சரி பண்ணிட்டாங்கன்னு யார், எந்தத் தேதியில பார்த்து முடிச்சு வெச்சாங்க?" ஒரு நூலைப் பிடிச்சு இழுத்துகிட்டே போவாங்க. நடுவுல ஒரு கண்ணி அறுந்தாலும் அந்தக் கேள்விக்கு மார்க் இல்லை. பொருந்துற கேள்விகள்ல எத்தனைக்குத் திருப்தியான பதில் இருக்கோ, அதுதான் சதவீதம்.

தொடர் கண்காணிப்புன்னு ஒரு வார்த்தை செய்தியில வந்திருக்கும். அது ஏன் வந்ததுன்னு என் சொந்த அனுபவத்துல இருந்து சொல்றேன். நான் ஓசூர் பக்கம் தொழிற்சாலைகள்ல தரக்கட்டுப்பாட்டுலதான் காலம் பூரா வேலை பார்த்தேன். ஆரம்பத்துல ஒரு கம்பெனி, பேர் வேண்டாம். அங்க ஒரு மெஷினுக்கு தினமும் அளவு பார்த்து ரெஜிஸ்டர்ல எழுதணும். நாங்க எழுதலை. வெளிநாட்டு ஆடிட்டர் வர்றார்னு சேதி வந்த ராத்திரி, ரெண்டு பேர் கேன்டீன்ல உட்கார்ந்து மூணு மாசக் கணக்கையும் எழுதினோம். பேனாவைக்கூட மாத்தி மாத்தித்தான் எழுதினோம். மறுநாள் அவர் வந்தார். ரெஜிஸ்டரைப் புரட்டினார். ஒண்ணும் படிக்கலை, விரலால தாளைத் தடவினார். பக்கத்து மெஷினோட ரெஜிஸ்டரை எடுத்து ரெண்டையும் மேஜையில சேர்த்து வெச்சார். அது மூலையெல்லாம் எண்ணெய்க் கறை, ஓரம் சுருண்டு கிடக்குது. எங்களுது கல்யாணப் பத்திரிகை மாதிரி பளிச்சுனு இருக்கு. அவர் எதுவும் கேட்கலை, எங்களைப் பார்த்தார், அவ்வளவுதான். அன்னைக்கு எனக்கு ஏற்பட்ட வெட்கம் இன்னும் போகலைங்க. ஏன்னா அந்த மெஷின்ல செஞ்சது பிரேக்குக்குப் போற சாமான்.

நாடுகளும் இதே காரியத்தைப் பண்ணுச்சு. சில வருஷத்துக்கு ஒரு தடவை குழு வரும், வர்றதுக்கு முன்னாடி ஓடி ஓடி ஃபைலைச் சரி பண்ணுவாங்க, குழு போனதும் பழையபடி ஆயிடும். அதோட, குழு வந்துட்டுப் போன மறுவருஷமே ஒரு நாட்டுல விமானம் ரெண்டு மடங்கு ஆகியிருக்கலாம், பழைய மார்க் அதைச் சொல்லாது. அதனாலதான் 2013 ஜனவரியில இருந்து தொடர் கண்காணிப்பு முறைக்கு மாறினாங்க. இப்போ ஒவ்வொரு நாடும் இணையத்துல ஒரு தளத்துல தன்னைத் தானே மதிப்பிட்டு பதில் போட்டுகிட்டே இருக்கணும், ஆதாரத்தோட. குறையை எப்போ சரி பண்ணுவோம்னு கெடு போட்டுச் சொல்லணும். இதுக்குன்னே ஒவ்வொரு நாட்டுலயும் ஒரு பொறுப்பு அதிகாரி. எந்த நாட்டுல ஆபத்து கூடுதுன்னு பார்த்து அங்க முதல்ல குழுவை அனுப்புவாங்க. சின்ன விஷயம்னா மான்ட்ரியல்ல இருந்தே ஆவணத்தைப் பார்த்து முடிப்பாங்க. தினம் எழுதற ரெஜிஸ்டர் மாதிரிதான், கறை படிஞ்சிருக்கணும்.

நம்ம நாட்டுக் கதைக்கு வர்றேன். 2012 டிசம்பர்ல வந்த குழு நம்மகிட்ட கடுமையான குறைகளைச் சொல்லிட்டுப் போச்சு. அடுத்து அமெரிக்கா தன் பங்குக்குத் தனியா வந்து பார்த்து, 2014 ஜனவரி 31ஆம் தேதி இந்தியாவை இரண்டாம் தரத்துக்கு இறக்குச்சு. அதனால நம்ம கம்பெனிகள் அமெரிக்காவுக்குப் புதுசா விமானம் விட முடியலை, ஓடிகிட்டு இருந்தது மட்டும் ஓடுச்சு. நம்ம விமானம் பழசு, பைலட் மோசம்னு இல்லைங்க. முக்கியமான குறை, சோதிக்க ஆள் போதலைங்கறது. அறிவிப்பு வர்றதுக்குப் பதினோரு நாள் முன்னாடிதான் மத்திய அமைச்சரவை 75 முழுநேர ஆய்வாளர் பணியிடத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. 2015 ஏப்ரல்ல பழைய தரம் திரும்பக் கிடைச்சது. 2018ல ஐகாவோ கணக்குல நம்ம மதிப்பெண் 57.44. 2022 நவம்பர்ல வந்து பார்த்தப்போ 85.49. நீங்க படிச்ச 48ஆவது இடம் இந்த மார்க்கை வெச்சு வந்ததுதான். உலக சராசரி 70க்குக் கொஞ்சம் கீழ, அப்போ இது நல்ல மார்க்தான். அதுக்குப் பின்னாடி பல பேரோட உழைப்பு இருக்கு, மறுக்க மாட்டேன்.

ஆனா அந்த 48ஆவது இடத்தை வெச்சு சந்தோஷப்படறதும் வேண்டாம், பயப்படறதும் வேண்டாம். ஒரு நாட்டை இந்த வருஷம் பார்த்திருப்பாங்க, இன்னொரு நாட்டைப் பத்து வருஷம் முன்னாடி பார்த்திருப்பாங்க. வேற வேற வருஷத்துப் பரீட்சையை ஒரே வரிசையில அடுக்கினா ரேங்க் வரும், உண்மை வராது. எந்தப் பாடத்துல மார்க் குறைவுன்னு கேளுங்க. உலகம் பூரா எடுத்துகிட்டா, மிகக் குறைவா இருக்கறது, எட்டுப் பகுதிக்கும் பொதுவா வர்ற, தகுதியுள்ள ஆய்வாளர்கள் இருக்காங்களாங்கற பாடம். அனுபவப்பட்ட பைலட்டுக்கு ஏர்லைன்ஸ் கொடுக்கற சம்பளத்தை அரசாங்கம் கொடுக்கறதில்லை, அப்போ ஆய்வுக்கு யார் வருவாங்க? நம்ம டி.ஜி.சி.ஏ.வுல 1,063 பணியிடத்துல 553தான் நிரம்பியிருக்குன்னு 2025ல நாடாளுமன்றக் குழு சொல்லுச்சு. 85 மார்க்கைப் பார்த்து நிம்மதி ஆகறதைவிட, இந்தப் பாதி நாற்காலி ஏன் காலின்னு நம்ம எம்.பி.கிட்ட கேட்கறதுதான் எனக்கு முக்கியமாப் படுது. எனக்கு இதுல கோபமே வருது.

விளக்கு காட்டினா என்ன நடக்கும்னு தாய்லாந்தைப் பாருங்க. 2015 ஜனவரியில அங்க சோதனை. விமான கம்பெனிகளுக்கு உரிமம் கொடுத்த முறையே சரியில்லைன்னு தெரிஞ்சது. இந்த மாதிரி உடனடி ஆபத்துக்கு ஐகாவோ தனிப் பேர் வெச்சிருக்கு, 'குறிப்பிடத்தக்க பாதுகாப்புக் கவலை'ன்னு. 90 நாள் கொடுத்தாங்க, சரி ஆகலை. ஜூன்ல நாட்டுப் பேருக்குப் பக்கத்துல சிவப்புக் கொடி போட்டு உலகத்துக்கே காட்டினாங்க. அதுக்கு முன்னாடியே, மார்ச்லயே, ஜப்பானும் கொரியாவும் அங்கிருந்து புதுசா விமானம் விட அனுமதி தர மறுத்துச்சு. சுற்றுலாவை நம்பி வாழற நாடு அது. பழைய துறையைப் பிரிச்சு புது ஆணையம் அமைச்சாங்க, கம்பெனிகளை ஒவ்வொண்ணா மறுபடி சோதிச்சு உரிமம் கொடுத்தாங்க. 2017 அக்டோபர்லதான் கொடி இறங்குச்சு. இத்தனைக்கும் ஐகாவோ ஒரு ரூபாய் அபராதம் போடலை.

இப்போ உங்க பையன் விஷயம்மா. அவர் ஏறற விமானம் எந்த நாட்டுக் கம்பெனியோ, அந்த நாட்டு ஆணையம்தான் அதுக்குப் பொறுப்பு. இந்தியக் கம்பெனின்னா டி.ஜி.சி.ஏ., எமிரேட்ஸ் மாதிரி அங்கத்துக் கம்பெனின்னா அந்த நாட்டு ஆணையம். அவங்க மதிப்பெண் உலகத்துலயே மேல் வரிசையில இருக்கு. வெளிநாட்டு விமானம் பெங்களூர்ல வந்து நிக்கும்போது நம்ம ஆய்வாளரும் ஏறிப் பார்க்கலாம், அங்க போய் நிக்கும்போது அவங்க ஆய்வாளரும் நம்ம விமானத்துல ஏறிப் பார்க்கலாம். ஆனா நீங்க கேட்டதுக்கு நேரா பதில் சொல்லணும்னா, நல்ல மார்க் இருந்தா அந்த ஒரு விமானம் பத்திரம்னு அர்த்தம் இல்லை. தப்பு நடந்தா கண்டுபிடிக்க ஆளும் முறையும் இருக்குன்னு அர்த்தம். அகமதாபாத் மாதிரி ஒரு விபத்தோட காரணத்தை இந்த மார்க்ல தேடக் கூடாது, அதுக்கு விசாரணை தனியா உண்டு. அந்த விசாரணை, டி.ஜி.சி.ஏ.வுக்குக் கட்டுப்படாம சுதந்திரமா நடக்குதாங்கறதும் ஐகாவோ கேட்கற கேள்விகள்ல ஒண்ணு. நம்ம நாட்டுல அதுக்குன்னு தனி அமைப்பை 2012லதான் ஏற்படுத்தினாங்க.

கடைசியா ஓசூர். 2,000 ஏக்கர்ல, வருஷம் 3 கோடிப் பயணிகளுக்குன்னு முதலமைச்சர் 2024 ஜூன்ல சட்டசபையில அறிவிச்சார். அது என்னைக்கு வந்தாலும் ஐகாவோகாரங்க வந்து ரன்வேயை அளந்து உரிமம் கொடுக்க மாட்டாங்க. ரன்வே, விளக்கு, தீயணைப்பு வண்டி, சுத்துக் கட்டடங்களோட உயரம் எல்லாத்தையும் பார்த்து உரிமம் கொடுக்கறது டி.ஜி.சி.ஏ. அப்புறம் ஒரு நாள் மான்ட்ரியல்ல இருந்து வர்ற குழு, நான் சொன்ன எட்டுப் பகுதியில விமான நிலையத்துக்கு வரும்போது, ஓசூர் ஃபைலைக்கூட கையில எடுக்கலாம். எடுத்து, "இந்த ஏர்போர்ட்டை யார் பார்த்தீங்க, எப்போ பார்த்தீங்க, என்ன குறை எழுதினீங்க"ன்னு கேட்பாங்க.