பாடியவருக்கே பிடிக்காத இசைத்தட்டு

அவையோர்க்கு வணக்கம்.

1969-இல் அமெரிக்காவில் ஓர் இசைத்தட்டு வந்தது. வெள்ளை அட்டை, கறுப்பு எழுத்து, படம் கிடையாது. ஹௌலிங் வுல்ஃப் என்ற பாடகருடையது. ‘இது ஹௌலிங் வுல்ஃபின் புதிய இசைத்தட்டு. இது அவருக்குப் பிடிக்கவில்லை. முதலில் அவருக்கு மின்கிட்டாரும்தான் பிடிக்கவில்லை’ என்று அட்டையிலேயே அச்சிட்டு விற்றார்கள். தன் சரக்கைத் தானே இப்படிப் பறைசாற்றிய கம்பெனி வேறொன்று இருப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை. அது சிகாகோவின் செஸ் ரெக்கார்ட்ஸ். அதற்கு முந்தைய ஆண்டு, 1968 அக்டோபரில், அதே கைகள் தயாரித்த ‘எலெக்ட்ரிக் மட்’ என்ற இசைத்தட்டைப் பற்றித்தான், அமெரிக்கக் கறுப்பின மக்களின் ப்ளூஸ் இசையைப் பாடிய மடி வாட்டர்ஸின் தட்டைப் பற்றித்தான், இன்று பேச வந்திருக்கிறேன். அட்டையில் போடவில்லையே தவிர, அதுவும் பாடியவருக்குப் பிடிக்காமல் போனதுதான்.

மடி வாட்டர்ஸ் மிசிசிப்பியின் பருத்திக் காட்டில் வளர்ந்தவர். 1941-இல் நாட்டுப்பாடல் சேகரிப்பாளர் ஆலன் லோமாக்ஸ் ஒலிப்பதிவுக் கருவியோடு ஸ்டோவல் தோட்டத்துக்குத் தேடிவந்தபோது, அங்கே டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தார். 1943-இல் சிகாகோவுக்குப் போனார். அந்த ஊர் மதுக்கடைகளின் இரைச்சலில் மரக்கிட்டார் யார் காதிலும் விழாது. ஆகவே மின்கிட்டாரை எடுத்தார். இன்று நாம் சிகாகோ ப்ளூஸ் என்று கொண்டாடுவது அந்த இரைச்சலில் பிறந்ததுதான்.

1958-இல் இதே மின்கிட்டாரோடு அவர் இங்கிலாந்து போனார். அங்கே ப்ளூஸ் ரசிகர்கள், கிராமத்துப் பாடகர் ஒருவர் மரக்கிட்டாரோடு அடக்கமாக உட்கார்ந்து பாடுவார் என்று எதிர்பார்த்திருந்தார்கள். சத்தம் தாங்கவில்லை என்று சிலர் எழுதினார்கள். சரி, இவர்களுக்கு மெல்லிசைதான் வேண்டும்போலும் என்று, சில ஆண்டுகள் கழித்து அவர் மரக்கிட்டாரோடு போய் இறங்கினார். அதற்குள் அந்த ஊர் இளைஞர்கள் எல்லாரும் மின்கிட்டார் வாங்கிவிட்டிருந்தார்கள்! பாவம், மனிதர் என்னதான் செய்வார்?

இந்தப் பின்னணியோடு 1968-க்கு வாருங்கள். ஜிமி ஹெண்ட்ரிக்ஸும் கிரீம் குழுவும் ராக் ரசிகர்களை அள்ளிக்கொண்டிருந்த நேரம். செஸ் நிறுவனர்களில் ஒருவரான லெனர்டின் மகன் மார்ஷல் செஸ், ‘இவர்களெல்லாம் யாரிடம் கற்றார்களோ அவரே நம்மிடம் இருக்கிறாரே’ என்று கணக்குப் போட்டார். மடி வாட்டர்ஸுக்கு நீண்ட வெள்ளை அங்கியை மாட்டிப் படம் எடுத்தார்கள். அவருடைய சொந்தக் குழுவை வெளியே நிறுத்திவிட்டு, பீட் கோஸி, ஃபில் அப்சர்ச் போன்ற ஸ்டூடியோ கலைஞர்களைக் கூட்டி வந்தார்கள். மகத்தான கிட்டார் கலைஞர் ஒருவரின் பெயரில் வந்த இந்தத் தட்டில் அவர் கிட்டாரைத் தொடவே இல்லை, பாடுகிறார், அவ்வளவுதான்.

முதல் பாடலைக் கேட்டால் தெரியும். கிட்டார் ஒலியைக் கரகரப்பாக்கும் ஃபஸ் பெடல் கிழித்துக்கொண்டு வருகிறது. பாட்டு நடுவில் தாளத்தைத் தவிர எல்லாம் கட்டவிழ்ந்து, கிட்டார் ஊளையிட ஆரம்பிக்கிறது. அந்த அமளி ஓய்ந்ததும் அவர் குரல் அசையாமல் திரும்பி வருகிறது. ‘ஷீஸ் ஆல்ரைட்’ பாடலோ இன்னும் விசித்திரம்: முரட்டுத்தனமாக ஓடிவந்து, கடைசியில் ‘மை கேர்ள்’ என்ற காதல் பாட்டின் மெட்டில் போய் முடிகிறது. எனக்கு இந்தக் குறும்பு பிடிக்கும். ‘டாம் கேட்’ பிடிக்காது. அது வெறும் நிரப்பல்.

விமர்சகர்கள் பிய்த்து எறிந்தார்கள். ‘ரோலிங் ஸ்டோன்’ பத்திரிகையில் பீட் வெல்டிங், ப்ளூஸின் முன்னோடி ஒருவருக்கு இழைத்த பெருந்தீங்கு என்ற பொருள்பட எழுதினார். வெல்டிங் சாமானியர் அல்லர். ப்ளூஸ் கலைஞர்களைத் தேடிப்போய்த் தாமே ஒலிப்பதிவு செய்து வெளியிட்டவர். வேடிக்கை என்னவென்றால், 1950-இல் மடி வாட்டர்ஸ் பாடிய ‘ரோலின் ஸ்டோன்’ பாடலின் பெயரைத்தான் ‘ரோலிங் ஸ்டோன்ஸ்’ என்ற இங்கிலாந்து ராக் குழு சூடிக்கொண்டது. அவர்களுடைய பாட்டு ஒன்றை இந்தத் தட்டில் அவர் பாடுகிறார். அதே பெயர் தாங்கிய பத்திரிகை அவரைக் கண்டிக்கிறது!

தூய்மை கெட்டுவிட்டது என்பதுதான் குற்றச்சாட்டின் சாரம். எந்தத் தூய்மை? பத்தாண்டுகளுக்கு முன் லண்டனில் ‘இரைச்சல்’ எனப்பட்டது, 1968-இல் ‘மரபு’ ஆகிவிட்டது. இந்தத் தட்டில் வாசித்தவர்களும் எங்கிருந்தோ வந்தவர்கள் அல்லர். அதே சிகாகோவின் கறுப்பினக் கலைஞர்கள்தான். பீட் கோஸி பின்னாளில் ஜாஸ் மேதை மைல்ஸ் டேவிஸின் குழுவில் வாசித்தவர். ஆகவே விமர்சகர்களின் வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

ஆனால் மடி வாட்டர்ஸின் மனக்குறை வேறு. இதை அவரைப் பின்பற்றி எழுதுபவர்கள்கூடக் குழப்பிக்கொள்கிறார்கள். அவர் தூய்மையைப் பற்றிப் பேசவில்லை. பெரிய பெரிய ஆம்ப்ளிஃபையரும், கிட்டார் ஒலியை ‘வா-வா’ என்று வளைக்கும் பெடலும் இருந்தால்தான் பாட்டு நிற்கும் என்றால், என் குழுவை வைத்துக்கொண்டு மேடையில் இதை எப்படி வாசிப்பேன், வாசிக்க முடியாததை எதற்குப் பதிவு செய்ய வேண்டும் என்றுதான் கேட்டார். இது இரவுதோறும் மேடையேறிச் சோறு தின்கிறவரின் கேள்வி. இதற்கு மார்ஷல் செஸ்ஸிடம் பதில் இருந்ததாகத் தெரியவில்லை. அமெரிக்க இசைத்தட்டு விற்பனையைக் காட்டும் பில்போர்டு பட்டியலில் 127-ஆம் இடம் வரை ஏறியது உண்மை. ஆனால் பட்டியல் மேடைக்கு வந்து வாசிக்காது.

பிறகு காற்று திசை மாறியது. ஹெண்ட்ரிக்ஸ் இதில் ஒரு பாடலைக் கேட்டுவிட்டுத்தான் மேடையேறுவார் என்று தாம் கேள்விப்பட்டதாகக் கோஸி சொல்லியிருக்கிறார். ‘பப்ளிக் எனிமி’ என்ற ராப் குழுவின் சக் டி இதைத் தூக்கிவைத்துப் பேசினார், 2003-இல் மார்டின் ஸ்கார்சேஸி முன்னின்று தயாரித்த ப்ளூஸ் ஆவணப்படத் தொடரில் சக் டியும் மார்ஷல் செஸ்ஸும் பழைய வாத்தியக்காரர்களை மறுபடி ஒன்றுசேர்த்தார்கள். இந்தப் புதுக் கொண்டாட்டத்திலும் எனக்கு ஒரு சங்கடம் உண்டு: பாடியவரின் புகாரை ஏதோ கிழவரின் முணுமுணுப்பு என்று தள்ளிவிடுகிறார்கள்.

‘மேனிஷ் பாய்’ என்ற ஒரே பாடலை அவர் 1955-இல் பதிவு செய்தார். 1968-இல் இந்தத் தட்டுக்காகப் பாடினார். 1977-இல் ஜானி விண்டர் தயாரித்து கிராமி விருது பெற்ற ‘ஹார்ட் அகெய்ன்’ தட்டில், எல்லாரும் ஒரே அறையில் சேர்ந்து வாசிக்க, கூச்சலும் கும்மாளமுமாக மறுபடி பாடினார். மூன்றையும் அடுத்தடுத்து ஒலிக்கவிடப் போகிறேன். கேள்விகளை அதன் பிறகு கேளுங்கள்.