ஆறுமணிக்குருவியும் இரண்டு கிலோ புளியங்கொட்டையும்

கிடைத்துவிட்டது! இதோ, திரையில் போடுகிறேன், நன்றாகப் பாருங்கள். பலா மரத்தடி, கீழே சருகு, நடுவில் ஆறுமணிக்குருவி. கண்ணுக்குள் இருக்கிற ஒளிப்புள்ளி கூடத் தெரிகிறது. மூன்று வருடமாக என் வீடியோக்களைப் பார்ப்பவர்களுக்குத் தெரியும், இதன் குரலை மட்டும்தான் உங்களுக்குக் கேட்க வைத்திருக்கிறேன். சாயங்காலம் அந்த இரட்டை விசில், அதோடு சரி. பள்ளிக்கரணைக்குப் பஸ் ஏறிப் போய்ப் பூநாரை எடுத்தாயிற்று. சேலையூரில் என் வீட்டுக் கொல்லையில் இருக்கிற பறவையை எடுக்க முடியவில்லையே என்று எத்தனை நாள் உறுத்தல்!

புதிதாக வந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. இது வலசை வருகிற பறவை. வடக்கே இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் கூடு கட்டும், ஐப்பசி வாக்கில் நம் பக்கம் வரும். விடியற்காலையும் அந்தி நேரமும்தான் அதிகம் கூப்பிடும், பெயர் அதனால் வந்தது. பொன்னுத்தொட்டான் என்றும் சொல்வார்கள். எனக்கு அந்தப் பெயர்தான் இன்னும் பிடிக்கும்.

சரி, பீன்பேக் விஷயத்துக்கு வருகிறேன். லென்ஸ் ஆடாமல் இருக்க அதற்கு அடியில் வைக்கிற, உள்ளே எதையாவது நிரப்பிய துணிப்பை அது. இது தரையில் தத்தித் தத்தி இரை தேடுகிற பறவை. நின்றுகொண்டு எடுத்தால் முதுகுதான் வரும், படம் செத்துப்போகும். லென்ஸும் தரையோடு தரையாக, அதன் கண் மட்டத்தில் இருக்க வேண்டும். என் டிரைபாட் அவ்வளவு தாழாது. கடையில் பீன்பேக் கேட்டேன். வெறும் பை, உள்ளே ஒன்றும் கிடையாது, 1,900 ரூபாய் என்றார்கள்! தைத்த துணிக்கு 1,900! வாங்காமல் திரும்பி வந்து, பழைய ஜீன்ஸின் ஒரு காலை வெட்டி நானே தைத்தேன்.

முதலில் அரிசி போட்டேன். மழையில் நனைந்து நாலே நாளில் புளித்த வாடை, அப்புறம் வண்டு. அடுத்து தெர்மகோல் உருண்டை. கொஞ்சம் அசைந்தாலே கரகர என்று சத்தம், குருவி ஓடிவிட்டது. கடைசியில் அம்மாதான், "புளி உடைச்ச கொட்டை இருக்கு, கொண்டு போ" என்றார். இரண்டு கிலோ. கனமும் இருக்கிறது, லென்ஸ் அப்படியே பதிந்து உட்காருகிறது, சத்தமே இல்லை. செலவு? ஜிப்புக்கு 25 ரூபாய். புளியங்கொட்டையை அடிக்க எதுவும் இல்லை, நான் அடித்துச் சொல்கிறேன்.

ஆங், முக்கியமானதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். பீன்பேக்குக்கு முன்னால் சருகு. அம்மா தினமும் காலையில் கொல்லையைப் பெருக்கிக் கொளுத்திவிடுவார். இந்தப் புரட்டாசியில் கெஞ்சிக் கேட்டு, பலா மரத்தடியில் பத்தடிக்குப் பத்தடி இடத்தை மட்டும் பெருக்காமல் விட வைத்தேன். அந்தச் சருகுக்கு அடியில்தான் புழு, கரையான், வண்டு எல்லாம். குருவி அலகால் ஒரு இலையைப் புரட்டும், தலையைச் சாய்த்துப் பார்க்கும், குட்டை வாலை மெதுவாக ஏற்றி இறக்கும், அடுத்த இலைக்குப் போகும். போன ஞாயிற்றுக்கிழமை கொல்லைப்படியில் குப்புறப் படுத்துக்கொண்டு நாற்பது நிமிஷம் இதையே பார்த்தேன். மூச்சு விடக்கூடப் பயம். தவிட்டுக்குருவிக் கூட்டம் கத்திக்கொண்டு வந்து போனது, இது அசரவில்லை.

கேமரா செட்டிங் கேட்பீர்கள். 300 எம்எம், எஃப் 6.3, ஷட்டர் 1/160, ஐஎஸ்ஓ 3200. மரத்தடி இருட்டுக்கு இதற்கு மேல் வழியில்லை. ஷட்டர் இவ்வளவு மெதுவாக இருப்பதால், குருவி ஒரு நொடி அசையாமல் நிற்கும்போது அழுத்த வேண்டும். எடுத்தது 62 படம், தேறியது நான்கு. அந்த நான்கு போதும்.

ஒரு விஷயத்தில் எனக்குக் கோபம். "போனில் அதன் குரலைப் போட்டால் உடனே வந்துவிடுமே" என்று போன வீடியோவுக்குக் கீழே சிலர் எழுதியிருந்தார்கள். வரும்தான். தன் இடத்துக்குப் போட்டிக்கு இன்னொன்று வந்துவிட்டதென்று நினைத்து, இரை தேடுவதை விட்டுவிட்டு வரும். இரவில் பறந்து பறந்து, களைத்துப்போய் மொட்டைமாடியிலும் வராண்டாவிலும் வந்து விழுகிற பறவை அது. அதை ஏமாற்றி எடுத்த படம் எனக்கு வேண்டாம். என் சேனலில் அந்த யோசனையைத் தயவுசெய்து யாரும் எழுதாதீர்கள். எந்தத் தெரு என்றும் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன்.

இன்னும் ஒரு படம் பாக்கி. பறக்கும்போது இறக்கையில் ஒரு வெள்ளைத் திட்டு பளிச்சென்று தெரியும், வாலுக்கு அடியில் குங்குமச் சிவப்பு. இரண்டும் ஒரே படத்தில் வேண்டும். குருவி ஏப்ரல் வரை இங்கேதான் இருக்கும். அம்மாவும் பொங்கல் வரை அந்தப் பத்தடியைத் தொட மாட்டேன் என்று சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு இன்னொரு தடவை கெஞ்ச வேண்டும்.