கூரையில் விழும் லிட்டர்

(குன்னூரில் தேயிலை விவசாயிகளும் மாணவர்களும் கூடிய கூட்டத்தில் பேசியது)

பெரியவர்களே, பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

மீட்டர் இந்த மலைக்கு எப்போது வந்தது? 1958 அக்டோபரில் கிலோ எடை நடைமுறைக்கு வரத் தொடங்கியது, அப்போதுதான் என்பார்கள். அதற்கு 59 வருஷம் முன்பே, 1899-ல், மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ரயிலோடு ஏறி வந்துவிட்டது. நம் மலை ரயிலின் இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே சரியாக ஒரு மீட்டர். மெட்ரிக் முறையை இந்தியாவுக்குக் கொண்டுவரலாம் என்று 1870 வாக்கில் ஆங்கில அரசு நினைத்தபோது முடிவான அகலம் அது. அந்த யோசனை கிடப்பில் போனது, தண்டவாளம் மட்டும் தங்கிவிட்டது.

பழைய அளவுகளை நான் குறைத்துப் பேச மாட்டேன். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி. தராசு இல்லாத வீட்டில் பாதி பாதியாகப் பங்கு போட இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. என் பாட்டி கடைசிவரை உழக்கில் அளந்துதான் உலை வைத்தார். ஆனால் முகத்தலளவையில் எட்டு ஆழாக்கு ஒரு படி, நிறுத்தலளவையில் நாற்பது பலம் ஒரு வீசை. ஒன்றுக்கொன்று ஒட்டுமில்லை, உறவுமில்லை.

மெட்ரிக்கில் அந்த உறவு இருக்கிறது. பத்து சென்டிமீட்டர் நீளம், அகலம், உயரம் உள்ள பெட்டி நிறையத் தண்ணீர் ஊற்றினால் ஒரு லிட்டர். அதை நிறுத்தால் ஒரு கிலோ.

என் அப்பா எஸ்டேட்டில் ரைட்டர், அதாவது கணக்கு எழுதுபவர். தினமும் காலையில் மழைமானியில் சேர்ந்த தண்ணீரைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி, கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்து, "ஒரு இஞ்சு இருபது சென்ட்" என்று நோட்டில் எழுதுவார். இஞ்சில் நூறில் ஒரு பங்கு மழைக்குச் சென்ட், ஏக்கரில் நூறில் ஒரு பங்கு நிலத்துக்குச் சென்ட். சிறுவயதில் எனக்கு இரண்டும் குழம்பும். சரி, அந்த மழையில் எங்கள் கூரையில் எவ்வளவு தண்ணீர் விழுந்தது? முப்பதுக்கு இருபது அடிக் கூரை, 600 சதுர அடி. இருபது சென்ட்டை விட்டுவிட்டு ஒரு இஞ்சுக்கு மட்டும் பார்த்தாலே பன்னிரண்டால் வகுக்க வேண்டும், 50 கன அடி. அதைக் கேலனாக்க 6.23-ஆல் பெருக்க வேண்டும். அப்பாவே காகிதம் பென்சில் கேட்பார்.

இப்போது மெட்ரிக்கில் பாருங்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஒரு லிட்டர், அவ்வளவுதான். அதே கூரை சுமார் 56 சதுர மீட்டர். 25 மில்லிமீட்டர் மழைக்கு, அதாவது ஏறக்குறைய அதே ஒரு இஞ்சுக்கு, 1,400 லிட்டர்! ஒரு சென்ட் தோட்டம் நாற்பது சதுர மீட்டருக்குக் கொஞ்சம் கூட. அதில் அதே மழைக்கு ஆயிரம் லிட்டருக்கு மேல் இறங்குகிறது. கோடையில் குடத்தோடு வரிசையில் நிற்கிற நமக்கு இந்தக் கணக்கு மனப்பாடமாக இருக்க வேண்டாமா?

குன்னூர், கோத்தகிரிப் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில்தான் நமக்குப் பெரிய மழை. பிள்ளைகளே, அடியிலிருந்து வாய்வரை ஒரே அகலமான டப்பா ஒன்றை, மரமோ கூரையோ மறைக்காத இடத்தில் சாயாமல் வையுங்கள். காலையில் உங்கள் பள்ளிக்கூட ஸ்கேலை அதற்குள் விட்டு, எத்தனை மில்லிமீட்டர் என்று பாருங்கள். அப்புறம் அப்பா அம்மாவிடம் கூரையின் நீள அகலத்தைக் கேளுங்கள்.