சோளகக் காத்தும் ஓகஸ்ட் லீவும் எங்கட குளமும்

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, ஆசியுரை சொன்ன குருக்கள் ஐயா அவர்களே, இந்த வெயிலுக்கையும் பக்கத்து ஊர்ப் பூசையை முடிச்சுக்கொண்டு ஓடி வந்த பங்குத்தந்தை அவர்களே, எங்கட அழைப்பைத் தட்டாம வந்திருக்கிற பிரதேச செயலாளர் அம்மா அவர்களே, அதிபர் அவர்களே, கிராம சேவையாளர் தம்பி, மாதர் சங்கத் தலைவி தங்கச்சி, பந்தலுக்குள்ள கதிரை கிடக்க வெளியில வேப்பமரத்துக்குக் கீழ நிண்டு கதைச்சுக்கொண்டிருக்கிற என்ர வயசுக்காரர், முன்னுக்குப் பாயில இருக்கிற சின்னனுகள், கனடா, லண்டன், பிரான்ஸ், சுவிஸ் எண்டு நாலு திக்கிலயும் இருந்து லீவுக்கு வந்து நிக்கிற எங்கட பிள்ளையள், எல்லாருக்கும் வணக்கம். ஆரையும் விட்டுப்போட்டனெண்டா கோவிக்காதேங்கோ. கோவிக்கிறதைப் பற்றித்தான் பேச்சே வரப்போகுது.

தலைவர் எனக்கு இருபது நிமிஷம் தந்தவர். "மாஸ்டர், வெயில் காலத்தைப் பற்றி லேசா ஏதும் சொல்லுங்கோ, பெடியளுக்கும் விளங்கோணும், போன வருஷம் மாதிரிக் குளத்துக்குள்ள இறங்கிடாதேங்கோ" எண்டும் சொன்னவர். பாப்பம். மூண்டு விஷயம் எழுதிக்கொண்டு வந்தனான். ஒண்டு இந்த வெயில், இரண்டு லீவு நாளுகளின்ர சரித்திரம், மூண்டு வெயில் காலத்துச் சாப்பாடு, அதுக்குள்ள நுங்கு, கறுத்தக்கொழும்பான், பனங்காய்ப் பணியாரம், ஆடிக்கூழ் எல்லாம் வரும்.

நேற்று லண்டன் பேரப்பிள்ளை ஒண்டு என்னட்டக் கேட்டுது, "தாத்தா, உங்களுக்கு சமர் எப்ப?" எண்டு, வெயில் காலத்தைத்தான் சொல்லுது. நல்ல கேள்வி பாருங்கோ. அவையளுக்கு வருஷத்தில ஒருக்கா வாற சாமான், அதுவும் ஒரு கிழமை காஞ்சாப் பேப்பரில தலைப்பு. யாழ்ப்பாணத்தில எங்களுக்குச் சூரியன் நேர உச்சிக்கு வாறதே வருஷத்தில இரண்டு தரம். சித்திரை வருஷப்பிறப்பை ஒட்டி ஒருக்கா, பிறகு ஓகஸ்ட் 28 மட்டில திரும்பி வரேக்கை ஒருக்கா. அண்டைக்கு மத்தியானம் பன்னிரண்டு பத்துக்கு முத்தத்தில உலக்கையை நிமித்தி வைச்சுப் பாருங்கோ, நிழல் உலக்கைக்கு அடியில போய் ஒளிச்சிடும், கொஞ்ச நேரத்தால மெல்ல மெல்ல எட்டிப் பார்க்கும். இன்னொண்டும் சொல்றன், வெளிநாட்டுப் பிள்ளையள் பள்ளிக்கூடத்தில போய்ச் சொல்லலாம். அங்க சமர் எண்டு துள்ளிற ஜூலைத் தொடக்கத்திலதான் பூமி சூரியனுக்கு ஆகத் தூரத்தில நிக்குது, 15 கோடி 20 லட்சம் கிலோமீற்றர். வெக்கை கிட்டவும் தூரமும் பார்த்து வாறதில்லை, பூமி சரிஞ்சு நிக்கிற சரிவாலதான் வருது.

இப்ப அடிக்கிறது சோளகம். தென்மேற்கில இருந்து வாற காத்து, வைகாசியில தொடங்கிப் புரட்டாதி மட்டும் நிக்கும். கடலில இருந்து நிறைஞ்ச ஈரத்தோடதான் வெளிக்கிடுது, ஆனா இரத்தினபுரி, நுவரெலியாப் பக்கம் மலையில முட்டி மழையை அங்கேயே கொட்டிப்போட்டு எங்களிட்ட வெறுங்கையோட வந்து கொடியில காயப்போட்ட சறத்தைத் தூக்கிக்கொண்டு போகுது. எங்களுக்கு மழை தாறது வடகிழக்கில இருந்து வாற வாடைக்காத்து. வருஷத்துக்கு 1,200, 1,300 மில்லிமீற்றர் பெய்யுதெண்டா அதில பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழிக்குள்ள முடிஞ்சிடும். மிச்ச மாதமெல்லாம் அந்தத் தண்ணியிலதான் குளிப்பு, குடிப்பு, தோட்டம். இதை ஞாபகம் வைச்சிருங்கோ, திரும்பி வருவன். தலைவர் என்னைப் பார்க்கிறார்.

சரி, லீவுக்கு வருவம். இப்பத்தைப் பிள்ளையளுக்கு ஞாயிற்றுக்கிழமை எண்டா லீவு. ஆனா இந்த நாட்டில ஞாயிறு வேலை நாளா இருந்த காலம் ஒண்டு இருந்தது, சிரிக்காதேங்கோ, நான் ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடம் போனவன். 1966 இல டட்லி சேனநாயக்கா அரசாங்கம் ஞாயிறு லீவை எடுத்துப்போட்டுப் போயாவுக்குக் குடுத்தது. பூரணை, அமாவாசை, இரண்டு அட்டமி, இந்த நாலும்தான் லீவு. நிலவு எங்கட கலண்டரைப் பார்த்தே தேயுது? சில கிழமை ஏழு நாள், சில கிழமை எட்டு நாள். அட்டமி நவமியில ஒரு கோழிக்கூடு கூடக் கட்டத் தொடங்காத எங்கட சனத்துக்கு அட்டமியில ஓய்வு! கிறிஸ்தவ ஆக்கள் விடியப் பூசை கண்டிட்டு அப்பிடியே வேலைக்கு ஓடினவை, ஃபாதருக்குத் தெரியும். வெளிநாட்டோட யாவாரம் செய்யிறவையும் திண்டாடிப் போச்சினம். 1971 இல திரும்ப ஞாயிறே வந்திட்டுது.

அந்தக் காலத்தில எங்கட அம்மாவின்ர சித்தப்பா ஒருத்தர் இருந்தவர், மலாயாப் பென்சன்காரர். கோலாலம்பூரில ரயில்வேயில இருந்திட்டு வந்து, ஊரில தங்கப் பல்லும், வெள்ளைக் காற்சட்டையும், தலைமாட்டில தூக்கின மலாயாக் கலண்டருமா இருந்தார். ஊரே "மலாயா அப்பு" எண்டுதான் கூப்பிடும். நேரம் எண்டா நேரம், ரயில்வேக்காரர் எல்லே. ஒரு ஆவணி மாதம், இதே மாதிரி வெயில், குளம் வத்திப் பாளம் பாளமா வெடிச்சுக் கிடக்கு. மாரிக்கு முதல் குளத்தைத் தூர் வாரோணும் எண்டு அப்புவுக்கு ஒரு எண்ணம் பிறந்தது. வீடு வீடாப் போய் "வாற சண்டே, காலமை ஆறு மணி, ஆளுக்கொரு மண்வெட்டி" எண்டு சொன்னார். சனமும் "ஓமோம் அப்பு" எண்டுது. எங்கட சனம் ஓம் எண்டு சொல்லுறதில எப்பவும் குறை வைச்சதில்லை.

அண்டைக்கு விடிய மூண்டு மணிக்கு ஆச்சியை எழுப்பி, ஊருக்கே காணிற அளவுக்குக் கஞ்சி காய்ச்ச வைச்சார். பெரிய கிடாரம், கஞ்சி குடிக்க இலையில பிலா மடிச்சு அடுக்கி வைச்சிருக்கு, பச்சை மிளகாய், வெங்காயம் வேற. ஆறு மணிக்கு அப்பு காற்சட்டையை முழங்கால் மட்டும் மடிச்சுவிட்டுக் குளத்துக்குள்ள நிக்கிறார். ஒருத்தரும் வரேல்லை. ஆறரை, ஒருத்தரும் வரேல்லை. ஏழுக்கு நாங்கள் புத்தகத்தோட குளக்கட்டால போறம், "டேய், எங்க போறியள்?" எண்டார். "பள்ளிக்கூடம் அப்பு" எண்டம். "சண்டேயில என்னடா பள்ளிக்கூடம்?" எண்டு மண்வெட்டியை ஓங்கிக்கொண்டு வாறார், நாங்கள் ஓடினம். பின்னால கந்தோர்க்காரர் சைக்கிளில போகினம், அவையளும் இறங்கேல்லை. கடைசியாத் தவறணைக்குக் கள்ளுக் கொண்டுபோற ஒருத்தர்தான் நிண்டு, "அப்பு, போயா நாளைமறுதினம் எல்லே, இண்டைக்கு ஆர் வருவினம்?" எண்டு கேட்டவர். அப்பு நிமிந்து வானத்தைப் பார்த்தாராம், நிலவைத் தேடி!

கேளுங்கோ, அதோட முடியேல்லை. கோவத்தில அந்தாள் தனிய வெட்டினார். மத்தியானம் மட்டும் வெட்டி, மாடு உடம்பை உரஞ்ச நட்டு வைச்ச எங்கட ஆவுரஞ்சிக்கல்லைச் சுத்தி இடுப்பளவு கிடங்கு எடுத்துப்போட்டுத்தான் ஏறினவர். கஞ்சியை மாடுகளுக்கு ஊத்திச்சினம், இரண்டு நாளா மாடுகள் எழும்பேல்லை. அதுக்குப் பிறகு அப்பு குளத்துப் பக்கம் தலை வைச்சும் படுக்கேல்லை. குளிக்கிறது வீட்டுக் கிணத்தில, கோயிலுக்குப் போறதும் சுத்துப் பாதையால. அப்பதான் ஆச்சி சொன்னவ, "குளத்தோட கோவிச்சுக்கொண்டு கால் கழுவாமப் போனானாம்" எண்டு. ஆச்சி கால் எண்டு சொல்லேல்லை. மேடையில அம்மாமார், குருக்கள் ஐயா இருக்கினம், நான் கால் எண்டு சொல்லுறன்.

ஆ, உதவிக் கல்விப் பணிப்பாளர் ஐயா வாறார், வாங்கோ வாங்கோ, தம்பி அந்தக் கதிரையை இழுத்துப் போடு, பொன்னாடை இருக்குதோ? அவரும் இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில அரிவரி படிச்சவர்தான், உங்களில கனபேருக்குத் தெரியாது. ஐயா, நீங்கள் வரேக்கை நான் குளத்துக்குள்ள நிக்கிறன், மன்னிக்கோணும்.

அப்பு கோவிச்சதுக்காவது ஒரு நியாயம் இருந்தது. நாங்கள் என்னத்துக்குக் குளத்தோட கோவிச்சுக்கொண்டு நிக்கிறம்? பைப் வந்திட்டுதெண்டோ, வாட்டர் பம்ப் வந்திட்டுதெண்டோ? எங்கட குடாநாட்டில வருஷம் முழுக்க ஓடுற ஆறு கிடையாது, வழுக்கையாறும் மாரிக்கு மட்டும் ஓடுற ஒண்டு. கீழ கிடக்கிறது சுண்ணாம்புக்கல். மழைத் தண்ணி அந்தக் கல்லுக்குள்ள இறங்கி, அடியில இருக்கிற உப்புத் தண்ணிக்கு மேல மிதக்குது, அதுதான் எங்கட நல்ல தண்ணி. புத்தூர் நிலாவரைக்குப் போய்ப் பாருங்கோ, மேல நல்ல தண்ணி, ஆழத்தில உவர். கடல் மட்டத்துக்கு மேல ஒரு அடி நல்ல தண்ணி நிண்டா, கீழ நாப்பது அடி மட்டில நல்ல தண்ணி நிக்கும் எண்டுறது கணக்கு. அந்த ஒரு அடியை இறைச்சு எடுத்தா நாப்பது அடியும் போச்சு, உப்பு மேல ஏறிடும். துலா மிதிச்சு இறைச்ச காலத்தில மனுசருக்குக் களைக்கும், கிணறு தப்பும். பம்புக்குக் களைக்கிறதில்லை.

இதுக்குத்தான் முன்னோர் ஊருக்கு ஊர் குளம் வெட்டினவை. மாரி வெள்ளத்தை மறிச்சு வைச்சு மெல்ல மெல்ல நிலத்துக்குள்ள இறக்க. மாடு குடிக்கக் கேணி, உரஞ்ச ஆவுரஞ்சிக்கல். ரவுணில ஆரியகுளத்தை 2021 இல திருத்தி லைற்றும் போட்டு வைச்சிருக்கினம், பின்னேரம் போய்ப் படமெடுத்து முகநூலில போடுறியள். எங்கட குளத்துக்கு வாங்கோ, ஆவுரஞ்சிக்கல்லு கழுத்து மட்டும் புதைஞ்சு சரிஞ்சு நிக்குது, சுத்திவரத் தண்ணிப் போத்தில், பம்பஸ், சொப்பிங் பேக். தண்ணி வாற வாய்க்காலை மதில் ஒண்டு மேவி நிக்குது. ஆர் கட்டினதெண்டு நான் சொல்லேல்லை, அது தன்பாட்டில வளர்ந்த மதிலா இருக்கும். மாரியில அந்த வெள்ளம் உங்கட வீட்டுக்குள்ள வரேக்கை பிரதேச செயலகத்துக்கு ஓடுறம், அம்மா இருக்கிறா, கேட்டுப் பாருங்கோ. குளத்தோட கோவிச்சுக்கொண்டு போனா குளம் வீட்டுக்கு வரும்.

தலைவர் மணியைக் கையில எடுத்திட்டார். சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல நேரமில்லை, கூழ் எப்பிடிக் காய்ச்சுறதெண்டு உங்கட அம்மம்மாரைக் கேளுங்கோ, பனங்கட்டி போடாமச் சீனி போடுறவையைக் கேக்காதேங்கோ.

நல்லூர் இருபத்தைஞ்சு திருவிழாவும் முடிஞ்சு, ஆவணி அமாவாசையோட தீர்த்தம் ஆகும். அதுக்கு அடுத்த சனிக்கிழமை காலமை ஆறரைக்குக் குளத்தடி. ட்ரக்டர் ஒருத்தர் தாறார், பேர் சொல்ல வேண்டாமெண்டவர், டீசல் காசுதான் குறையுது, வெளிநாட்டுப் பிள்ளையள் என்னைப் பார்க்காம நிலத்தைப் பார்க்கினம். வாருற மண்ணைத் தோட்டக்காரர் எடுக்கலாம், நல்ல பசளை, ஆனா தாங்களே ஏத்தோணும். மண்வெட்டியும் கடகமும் கொண்டு வாங்கோ, போத்தில் பொறுக்கச் சின்னனுகளும் வரலாம், செருப்புப் போடாம வரக்கூடாது. கஞ்சி மாதர் சங்கம் பொறுப்பு. பேர் எழுதிற கொப்பி வாசிகசாலை மேசையில கிடக்கு, பேனையை நூலில கட்டி விட்டிருக்கு, அறுத்துக்கொண்டு போகாதேங்கோ. சங்கீதக் கதிரைக்கு நிக்கிற பிள்ளையள் மைதானத்துக்கு வரட்டாம். நன்றி, வணக்கம்.