தோல் சீவினா உருளைக்கிழங்குல சத்து போயிடுமா?

போன தடவை கீரை வேகவச்ச தண்ணியைப் பத்திப் பேசினோம்ல, அதைக் கேட்டுட்டு ஒரு அம்மா எழுதியிருக்காங்க: "சார், உருளைக்கிழங்கைத் தோல் சீவிட்டா சத்தெல்லாம் குப்பைக்குப் போயிடுதுன்னு மாமியார் திட்டறாங்க. உண்மையா?"

படிச்சதும் சிரிச்சுட்டேன். எங்க வீட்லயும் இதே சண்டைதான். மாமியார் சொல்றது பாதி சரிம்மா. இரும்பைப் பொறுத்தவரைக்கும் சரி, சதையைவிட தோல்ல பல மடங்கு அதிகம். ஆனா உருளையோட பெரிய சொத்து இரும்பு இல்ல, பொட்டாசியம். 100 கிராம் வேகவைக்காத உருளையில சுமார் 420 மில்லிகிராம். வாழைப்பழத்துல 360தான்! பொட்டாசியம்னாலே எல்லாரும் வாழைப்பழத்தைக் காட்டறாங்க, உருளைக்கு மட்டும் 'வாயு, கொழுப்பு'ன்னு கெட்ட பேரு. உலக சுகாதார நிறுவனம் பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கு 3,510 மில்லிகிராமாவது வேணும்ங்குது. 300 கிராம் உருளை அதுல மூணுல ஒரு பங்கைக் குடுத்துடும். சோடியமோ 100 கிராமுக்கு 10 மில்லிகிராம்கூட இல்ல. உப்பைப் போடறது நாமதான்.

இந்தப் பொட்டாசியம் தோல்ல, சதையில ரெண்டுலயும் கிட்டத்தட்ட ஒரே அளவு. மெல்லிசா சீவினா பெருசா நஷ்டமில்ல. அதனால நீங்க கேட்டிருக்க வேண்டிய கேள்வியே வேற: வேகவச்ச தண்ணி எங்க போகுது?

ஆமா, மறுபடியும் தண்ணிதான். சலிச்சுக்காதீங்க.

எங்க பெரியப்பாவுக்குச் சிறுநீரகக் கோளாறு. பொட்டாசியத்தைக் குறைங்கன்னு டாக்டர் சொல்லிட்டார். பெரியம்மா என்ன பண்ணாங்க, ராத்திரியே உருளையை நறுக்கித் தண்ணியில ஊறப்போட்டு, காலையில அந்தத் தண்ணியைக் கொட்டிட்டு வறுவல் பண்ணிப் போட்டாங்க. சத்தியமா நல்ல எண்ணம்தான். ஆனா ரத்தப் பரிசோதனையில பொட்டாசியம் இறங்கவே இல்ல. ஏன்னா அது செல்லுக்குள்ள பூட்டி வச்சிருக்கு. பச்சைத் தண்ணி செல்லைச் சுத்தியிருக்கற சவ்வை ஒண்ணும் பண்ணாது. சூடு பட்டாத்தான் சவ்வு கிழியும், உள்ள இருக்கறது வெளிய வரும். 2008-ல அமெரிக்காவுல சோதிச்சே பார்த்துட்டாங்க. ராத்திரி முழுக்க ஊறவச்சதுல பலன் இல்ல. சின்னச் சின்னத் துண்டா நறுக்கி வேகவச்சா பாதி போச்சு. துருவி வேகவச்சா முக்கால்வாசி! பெரியம்மா இப்ப பொடியா நறுக்கி, நிறையத் தண்ணியில வேகவச்சு வடிச்சுட்டுதான் தாளிக்கறாங்க. அளவை டாக்டர்கிட்ட கேட்டுக்கணும், என்னைக் கேட்காதீங்க.

அந்தச் சிக்கல் இல்லாதவங்க இதைத் தலைகீழாப் பண்ணுங்க. முழுசா, தோலோட குக்கர்ல போட்டு எடுத்து, உரிச்சு, பொடிமாஸ் பண்ணுங்க. உள்ள இருக்கறது பெரும்பாலும் உள்ளயே நிக்கும். சாம்பார், குருமான்னா எப்படி நறுக்கினாலும் கவலையில்ல, தண்ணியையும் சேர்த்துத்தானே குடிக்கறோம். இதையே சிறுநீரகக்காரங்க திருப்பிப் போட்டுப் பாருங்க. 'நான் உருளையைத் தொடலையே, சாம்பார்தானே ஊத்திக்கிட்டேன்'னு பெரியப்பா சாதிப்பார். பொட்டாசியம் அந்தச் சாம்பார்லதானே இருக்கு!

இரும்புக்கு வர்றேன், மாமியார் பக்கமும் பேசணும்ல. 100 கிராமுக்கு ஒரு மில்லிகிராம்கூடத் தேறாது, ஆனா உடம்புல சேர்றதுல உருளை கெட்டிக்காரன். தானியம், பருப்புல இரும்பைப் பிடிச்சு வச்சுக்கற ஃபைட்டேட் இதுல கொஞ்சம்தான், கூடவே வைட்டமின் சி வேற. பெரு நாட்டு மலைப்பகுதியில தினமும் உருளையே சோறு மாதிரி. அங்க பெண்கள்கிட்ட ஆராய்ச்சி பண்ணப்போ, மஞ்சள் சதை உருளையிலேருந்து கால் பங்குக்கு மேல இரும்பு உடம்புல சேர்ந்துச்சு. ஊதா நிறத்துல அதுல பாதிதான். அந்த ஊதாச் சாயம் கொடுக்கற மாதிரிப் பொருள்களே தடுக்குதுன்னு நினைக்கறாங்க. கலர் கலரா இருந்தா சத்து ஜாஸ்தின்னு நம்பிட்டிருந்தவன் நான், அதைப் படிச்சு ரெண்டு நாள் மனசு ஆறல.

ஆங், ஒண்ணு விட்டுட்டேன். தோல் பச்சையா மாறியிருந்தா அன்னைக்கு மாமியார் பேச்சைக் கேட்காதீங்க. ஆழமா சீவிடுங்க, ரொம்பப் பச்சைன்னா கிழங்கையே தூக்கிப் போட்டுடுங்க. அந்தப் பச்சை, நச்சு சேர்ந்திருக்கலாம்ங்கறதுக்கு அடையாளம், வேகவச்சாலும் அந்த நச்சு போகாது.